கணக்கில் வாராத இழப்பு

கோலாலம்பூர் கண் விழிக்கும் முன்பே விழித்துக்கொள்வது செலாயாங் மொத்தச் சந்தை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரலில் சந்தையைச் சூழ்ந்த குடியிருப்புகளும், பின்னர்ச் செலாயாங் பாருவும் முள்வேலியால் அடைக்கப்பட்டன. பள்ளிகள் ஏற்கெனவே மூடியிருந்தன. கல்வி, கைப்பேசியின் சிறு திரைக்குள் ஒடுங்கிற்று.

அத்திரை எத்தனை வீடுகளில் இருந்தது? அவ்வாண்டு கல்வி அமைச்சு ஏறத்தாழ 9 இலட்சம் மாணவரைப் பற்றிப் பெற்றோரிடம் விவரம் திரட்டியது. 36.9 விழுக்காட்டினரிடம் எக்கருவியும் இல்லை. மடிக்கணினி வைத்திருந்தோர் 9 விழுக்காட்டினரே. திறன்பேசி வைத்திருந்தோர் 46 விழுக்காட்டினர்.

திறன்பேசி உண்டு என்று குறிக்கப்பட்ட வீட்டிலும் அது எவர் கையில் இருந்தது என்பதை எண்கள் சொல்லவில்லை. சரக்குந்து ஓட்டும் தந்தை அதனை எடுத்துக்கொண்டு விடியுமுன் புறப்படுகிறார். இரவில் அவர் திரும்பியபின், ஐந்தாம் படிவத்தில் அரசுத் தேர்வு எழுதவிருக்கும் மூத்த மகளுக்கே முதலிடம். முதலாம் ஆண்டில் பயிலும் கடைக்குட்டிக்குக் கருவி கிடைக்கும்போது அவன் உறங்கிவிட்டிருப்பான். பெற்றோரின் முடிவு நியாயமானதே. ஆனால் ஆசிரியர் விரல் பிடித்து எழுதுவிக்க வேண்டிய பருவத்தில் இருந்தவன் அவனல்லவா?

பணச்செலவிலும் ஒரு கொடுமை உண்டு. மாதக் கட்டணம் செலுத்த இயலாதவர் இணையத் தரவைச் சிறுகச் சிறுக வாங்குகிறார். மூட்டை அரிசி வாங்க முடியாதவர் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுப்பது போன்றதே இது. 2021-இல் தடுப்பூசிக்கு மைசெஜாத்ரா செயலியில் பதிந்துகொள்ள அண்டை வீட்டாரிடம் அடையாள அட்டையை நீட்டி நின்ற முதியவரின் கூச்சத்துக்கு எந்த வெள்ளிக்காசால் விலை குறிப்பது?

500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்க 2021-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 'செர்டிக்' திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல முயற்சி. எனினும் வழங்கிய கருவிகளை எண்ணுவது எளிது. இழந்த பாடங்களை எண்ணுவது அரிது. ஆறாம் ஆண்டின் முடிவில் அவ்விழப்பை ஓரளவேனும் காட்டியிருக்கக்கூடிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் அகற்றப்பட்டது. அச்சுமை நீங்கியது குழந்தைகளுக்கு நன்மையே; ஆயினும் நாடு முழுமைக்குமான ஓர் அளவுகோலும் அதனோடு போயிற்று.

2020-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை 2022 மார்ச்சில் மூன்றாம் ஆண்டில் வந்தமர்ந்தான். வாசிக்கச் சொன்னபோது எச்சொல்லில் அவன் தடுமாறி நின்றான் என்பது வகுப்பாசிரியரின் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கிறது. அக்குறிப்பேட்டை எவரும் இன்னும் கேட்டு வாங்கவில்லை.