ஐந்து தட்டு, இரண்டு தட்டு

தூத்துக்குடி
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பெரியம்மா இரண்டு தரம் போட்டுக் கேட்டாயிற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிடம், குளிர்கால விடுமுறைக்கு முந்தைய கடைசி ஆங்கில வகுப்பு. வகுப்பாசிரியை வந்து, கிறிஸ்மஸ் பார்ட்டி மாதிரி ஏதாவது செய்துவிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ‘இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் என்றால் என்னவென்றே தெரியாதே, எங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்?’ என்று கேட்டிருக்கிறாய். தெரியாது என்று உனக்கு யார் சொன்னது? ஜப்பான் பிள்ளைகளிடம் ஒரு கிறிஸ்மஸ் இருக்கிறது. குடில், நடுச்சாமப் பூசை எல்லாம் அதில் இல்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்த நாட்டுக்குக் கிறிஸ்மஸ் போன வழி நம் கடற்கரையைத் தொட்டுத்தான் போயிருக்கிறது. 1542 முதல் முத்துக்குளித்துறை ஊர்களில் நடையாய் நடந்த சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் கூட்டிப்போன சேசு சபையார் 1552-இல் யாமாகுச்சியில் வைத்த பூசைதான் ஜப்பானின் முதல் கிறிஸ்மஸ் என்பார்கள். அப்புறம் 1614-இல் கிறிஸ்தவத்துக்கு நாடு முழுக்கத் தடை. தடை எழுதிய பலகைகளை இறக்க 1873 ஆயிற்று. இன்றைக்கும் அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. டிசம்பர் 25-க்கு அரசு விடுமுறையும் கிடையாது.

கோயில் வழியாகப் போய்த் தடைபட்டது, பிற்பாடு கடைத்தெரு வழியாகத் திரும்பி வந்தது. 1910-இல் யோகோஹாமாவில் தொடங்கிய புஜியா என்ற மிட்டாய்க் கடைக்காரர்கள் கிறிஸ்மஸ் கேக்கைப் பழக்கிவிட்டார்கள். அது நம் ஊர் பேக்கரிப் பிளம் கேக் இல்லை. மெத்தென்ற ஸ்பாஞ்சு, வெள்ளைக் கிரீம், மேலே சிவப்பு ஸ்ட்ராபெரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சர்க்கரையும் பாலும் தாராளமாகி, வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜும் வந்தபின் அது எல்லாருக்கும் எட்டியது. உன் போனில் எமோஜியைத் திறந்து கேக் துண்டைத் தேடிப் பார். வெள்ளை மேல் சிவப்பாய் ஒரு பழம் உட்கார்ந்திருக்கும். எமோஜியே ஜப்பான்காரர்கள் கொடுத்ததுதானே. தங்கள் கேக்கையும் கூடவே உலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோழி வந்த கதை இன்னும் வேடிக்கை. கேஎஃப்சி அங்கே கால் வைத்தது 1970-இல். 1974-இல் கிறிஸ்மஸுக்குப் பொரித்த கோழி என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தார்கள். அந்த எண்ணம் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. வான்கோழி கிடைக்காத வெளிநாட்டுக்காரர் ஒருவர் கோழி வாங்கிப்போனதைப் பார்த்து வந்தது என்பது ஒன்று. இன்னொன்று, முதல் கடைகளில் மேலாளராக இருந்த தகேஷி ஒகாவாரா வெகுகாலம் கழித்து ஒரு பேட்டியில் சொன்னது. பக்கத்து மழலையர் பள்ளியில் கிறிஸ்மஸ் விருந்துக்குக் கோழி கேட்டார்களாம், அவரையே கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டு வரச்சொன்னார்களாம். பெரியம்மாவுக்கு இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது. ஒரு வகுப்பறைப் பார்ட்டி ஒரு நாட்டின் பண்டிகைச் சாப்பாட்டையே மாற்றிவிட்டது என்றால், நீ கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்!

ஆகவே கேக், சிக்கன், சாண்டா, ட்ரீ, பிரசன்ட் என்று ஒரு கூடைச் சொற்கள் உன் பிள்ளைகள் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன, ஜப்பானிய உச்சரிப்போடு. அங்கேதான் ஒரு சிக்கலும் இருக்கிறது. கிறிஸ்மஸை அவர்கள் ‘குரிசுமாசு’ என்பார்கள். கைதட்டிச் சொல்லச் சொல்: கு, ரி, சு, மா, சு. ஐந்து தட்டு. ஆங்கிலத்தில் கிறிஸ், மஸ், இரண்டே தட்டு. நடுவிலுள்ள ‘டி’ எழுத்துக்கு வாயே கிடையாது. நம் பிள்ளைகள் கி, றிஸ், து, மஸ் என்று நாலு தட்டுவார்கள், நாமொன்றும் யோக்கியம் இல்லை. முதலில் அவர்கள் ஐந்து தட்டட்டும், பிறகு நீ இரண்டு தட்டு. நீ தட்டுவது தமிழா, ஜப்பானியமா, ஆங்கிலமா என்று கண்டுபிடிக்கச் சொல். பலகையில் ஒரு எழுத்து எழுதாமலே பத்து நிமிடம் ஓடிவிடும்.

உன் துணை ஆசிரியர் வேலையின் வரலாறும் நீளமானது ஒன்றும் இல்லை. வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்குத் துணை ஆசிரியராக அழைக்கும் ஜெட் திட்டம் 1987-இல் வந்தது. தொடக்கப் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கட்டாயமானது 2011-இல்தான். 2020-இல் மூன்று, நான்காம் வகுப்புக்கும் இறக்கினார்கள், வருடத்துக்கு 35 பாடவேளை. மூன்றாம் வகுப்பில் மதிப்பெண் இல்லை, பேச்சும் விளையாட்டும்தான். பார்ட்டி நடத்த இதைவிட நல்ல வகுப்பு எங்கே கிடைக்கும்?

இனி ஒரு டீச்சர் கதை. நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் மிஸ் ஒருவர் நாற்பது பிள்ளைகளை வைத்துக் கிறிஸ்மஸ் பார்ட்டி நடத்தினார். மியூசிக்கல் சேர் விட்டார். ‘தள்ளுல’, ‘ஏமாத்துறான் மிஸ்’, ஒரே கூச்சல். கடைசியில் கிறிஸ்மஸ் தாத்தா வந்தார். மைதாப் பசையில் ஒட்டிய பஞ்சுத் தாடி வியர்வையில் ஒரு பக்கமாக இறங்க, ‘ஏ, நம்ம வாட்ச்மேன் தாத்தா!’ என்று ஒரு குரல். வகுப்பே உருண்டு சிரித்தது. சந்தோஷத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் வாயிலிருந்து வந்த ஆங்கில வாக்கியம் பூஜ்யம். ‘மிஸ், இன்னொரு கேக்’ என்பதை ஆங்கிலம் என்று கணக்கு வைத்தால் ஒன்று.

அந்த மிஸ் யாரென்று உனக்குத் தெரியும். அவர் மறுவருடம் செய்தது ஒன்றே ஒன்று. ஸ்டார் செய்யும் சாமான்களைப் பிரித்துப்போட்டார். ஒரு குழுவின் பெஞ்சில் கத்தரிக்கோல் மட்டும், அடுத்ததில் பசை மட்டும், இன்னொன்றில் சிவப்புத் தாள், கடைசி பெஞ்சில் நூல். வேண்டுமானால் போய் ஆங்கிலத்தில் கேட்டு வாங்க வேண்டும். தமிழில் கேட்டால் கொடுக்கக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் முழித்தார்கள். பிறகு பசை பெஞ்சுக்காரப் பையன் ஒருவன் பெரிய முதலாளியாகிவிட்டான், ‘ப்ளீஸ்’ சொல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினான். எந்தப் பயிற்சிப் புத்தகமும் ‘ப்ளீஸ்’ என்ற சொல்லுக்கு அத்தனை வேலை வைத்ததில்லை.

பேச வராத பிள்ளையை என்ன செய்வது என்பாய். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளரின் முறை, முதலில் காது, அடுத்து உடம்பு, வாய் கடைசியில். எழு, நட, நில், திரும்பு என்று ஆசிரியர் சொல்லச்சொல்ல மாணவர் செய்துகாட்டினால் போதும். 1965-இல் குனிஹிரா என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கர்களுக்கு எந்த மொழி சொல்லிக்கொடுத்தது தெரியுமா? ஜப்பானியம்! அந்தக் கடனைத்தான் நீ இப்போது திருப்பிக் கொடுக்கிறாய். சாண்டா சொன்னால் செய், சொல்லாவிட்டால் செய்யாதே என்று இதை விளையாட்டாக மாற்றிக்கொள். வாய் திறக்காத பிள்ளையும் ஆட்டத்தில் இருக்கும்.

எழுத வைக்க வேண்டுமென்றால் வாழ்த்து அட்டை. லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்கு, கிறிஸ்மஸ் சமயத்தில் வந்து குவியும் கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளவில்லை. ஒரு பென்னித் தபால் கொண்டுவருவதில் கைகொடுத்தவர் அவரேதான், தானே இழுத்துக்கொண்ட வம்பு. 1843-இல் ஜான் ஹோர்ஸ்லி என்ற ஓவியரை வரையச்சொல்லி ஆயிரம் அட்டை அச்சடித்தார், ஒன்று ஒரு ஷில்லிங். படத்தில் குடும்பமே கோப்பை ஏந்துகிறது. சின்னப் பிள்ளைக்கும் ஒயின் ஊட்டுகிறார்கள் என்று மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். ஆக, வாழ்த்து அட்டையே நீளமாக எழுதச் சோம்பல்பட்டவர் கண்டது. மூன்றாம் வகுப்புக்கு மூன்று சொல் போதும். புத்தாண்டுக்கு அஞ்சலட்டை போடுகிற வழக்கம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது, அட்டை என்றதும் புரிந்துகொள்வார்கள்.

கிறிஸ்மஸ் கிராக்கர் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். லண்டன் மிட்டாய்க்காரர் டாம் ஸ்மித், பாரிசில் முறுக்குத் தாளில் சுற்றிய மிட்டாயைப் பார்த்து வந்து, 1847 வாக்கில் உண்டாக்கியது என்பார்கள். பிற்பாடு மகன் காலத்தில் உள்ளே காகிதக் கிரீடம் வந்தது. சிவகாசி வெடி மாதிரி நினைக்காதே, இழுத்தால் ‘பட்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த ‘பட்’டுக்குக் காரணமான துளி மருந்துக்காகவே விமானத்தில் அனுப்ப முடியாது. அங்கே கடையில் ‘குராக்கா’ என்று கேட்டால் நூலை இழுத்தால் காகிதம் சிதறும் குப்பியையோ உப்பு பிஸ்கட்டையோ தருவார்கள். டிஷ்யூ ரோலின் அட்டைக்குழாயில் தாள் சுற்றி நீயே செய்துகொள். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து எண்ணி இழுக்கட்டும், சத்தத்தைப் பிள்ளைகள் வாயாலேயே போடுவார்கள்.

பாட்டு வேண்டுமானால் ஜிங்கிள் பெல்ஸ். ஜேம்ஸ் பியர்பான்ட் 1857-இல் பதிப்புரிமை பதிவு செய்த அந்தப் பாட்டில் கிறிஸ்மஸ் என்ற சொல்லே கிடையாது, அதனால் உன் தலைமையாசிரியருக்கும் சங்கடம் இல்லை. அரசுப் பள்ளியில் மதபோதனை கூடாது என்று அவர்கள் அரசியல் சட்டத்தின் 20-ஆவது பிரிவே சொல்கிறது. 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் போன இருவர் மவுத் ஆர்கனிலும் மணியிலும் இதை வாசித்தார்கள் என்பதையும் சொல். மணி ஆட்டுவதற்கு முன்வரிசையில் சண்டை வரும், அதற்கும் ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லிவிடு.

தின்பண்டம் மட்டும் பள்ளியைக் கேட்காமல் கொண்டுபோகாதே. முட்டை, பால், கோதுமை என்று ஒவ்வாமை உள்ள பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும், தாய்மாருக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நம் தெருவில் ஸ்டார் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மடக்கி வைக்கிற காகித ஸ்டார் நான்கு பார்சலில் வருகிறது. சிவப்பு இரண்டு, மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று; கேட்டு வாங்கச் சொல்ல வண்ணம் வேண்டுமே என்று மாற்றி வாங்கினேன். கூடவே ஒரு டப்பா மக்ரூன். அதில் முட்டையும் முந்திரியும் இருக்கிறது. வகுப்புக்குக் கொண்டுபோகாதே, அது உனக்கு.

பெரியம்மா