ஒரு தீவையே உலகமாகக் கொண்ட பறவை

 

செஞ்சிக் கோட்டையை நீங்கள் கண்டிருக்கக்கூடும். வல்லம் பகுதியில் வாழும் எங்களுக்கு மலை என்றாலே நினைவில் எழுவது ஏறத்தாழ 800 அடி உயர்ந்து நிற்கும் இராஜகிரிதான். அதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உயரமான மலையொன்று, அடர்ந்த காட்டைப் போர்த்திக்கொண்டு நடுக்கடலில் தன்னந்தனியே நிற்பதாக எண்ணிப் பாருங்கள். அதுவே அந்தமான் கடலில் உள்ள நார்கொண்டம் தீவு. அடங்கிய எரிமலையான அதன் பரப்பளவு 7 சதுர கிலோமீட்டருக்கும் குறைவே.

இச்சின்னஞ்சிறு தீவில் அல்லாஹ் ஓர் அரிய பறவையை வாழவைத்திருக்கின்றான். நார்கொண்டம் இருவாச்சி எனப்படும் அது உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண்ணுக்கு அவை கருப்பு. இரண்டுக்கும் வால் வெண்மை. காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஹியூம் துரைதான் 1873ஆம் ஆண்டில் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

இதன் இல்லறம் வியப்புக்குரியது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, எச்சத்தாலும் உணவு மிச்சத்தாலும் வாசலை அடைத்துக்கொள்கிறது. எஞ்சுவது அலகு நுழையுமளவு இடுக்கு மட்டுமே. முற்றுகையிடப்பட்ட கோட்டைக்கு உணவு சேர்ப்பவனைப் போல ஆண் பறவை அவ்வழியே நாள்தோறும் பழங்களை ஊட்டுகிறது. அந்த ஆண் மடிந்தால் உள்ளிருக்கும் குடும்பமே பசிக்கு இரையாகக்கூடும். உண்ட பழங்களின் விதைகளைக் காடெங்கும் பரப்பி, தனக்கு உணவளித்த காட்டுக்கு இப்பறவை நன்றிக்கடனும் செலுத்துகிறது.

பறவையியல் மேதை டாக்டர் சாலிம் அலி (1896–1987) தம் உழைப்பை ஈந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த எஸ்.ஏ. ஹுசைன், இத்தீவில் ஆய்வு செய்து 1984இல் வெளியிட்ட கட்டுரையில் சுமார் 400 பறவைகள் இருப்பதாக மதிப்பிட்டார். 2020ஆம் ஆண்டளவில் நடந்த ஆய்வு ஆயிரத்தைச் சற்றே தாண்டும் என்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான், ஆயினும் சிந்தியுங்கள்! நம் ஊர்ப் பெரிய பள்ளிவாசல் ஒன்றில் ஜுமுஆவுக்குக் கூடும் கூட்டமே ஓர் இனத்தின் மொத்த மக்கள்தொகை என்றால், ஒரு புயலோ நோயோ போதாதா?

மனிதன் கையாலும் ஆபத்து வந்தது. தீவின் காவல் நிலையத்தார் உணவுக்காகக் கொண்டுசென்ற ஆடுகள் காட்டில் பெருகி இளஞ்செடிகளை மேய்ந்தன. பிற்காலத்தில் அவை அகற்றப்பட்டன. ஆடு வளர்க்கும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்: கன்று தழைக்காத காட்டில் நாளைய கூட்டுக்கு மரம் ஏது? அடுத்து, கடலோரக் காவல்படை அங்கு ராடார் நிலையம் அமைக்க முனைந்தது. அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் திருமதி ஜெயந்தி நடராஜன் 2012இல் அனுமதி மறுத்தார். 2014இல் அடுத்து வந்த அரசு அனுமதி வழங்கியது. நாட்டின் பாதுகாப்பு அவசியமே. ஆனால் காவல் கருவியை வேறிடத்தில் நிறுவ வழி தேடலாம். இப்பறவைக்கோ வேறிடம் இல்லை.

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருமறை நமக்கு உணர்த்துகிறது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது அவருக்குத் தர்மமாகும் எனக் கற்றுத் தந்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நார்கொண்டத்திற்கு நம்மால் செல்ல இயலாது. ஆனால் நம் தெருவிலும் கபரஸ்தானிலும் நிற்கும் ஆல், அத்தி மரங்களை வெட்டாமல் காக்கவும், இல்லாத இடத்தில் ஒன்றை நடவும் இயலுமல்லவா? பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கணக்குக் கேட்கப்படும் நாளில், வாயில்லா ஜீவன்களின் வீட்டையும் பேணினோம் என்று சொல்லும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.