கோடை விடுமுறைக்கு ஒரு புத்தகம்

பள்ளிக்கூடங்கள் மூடும் இந்த ஏப்ரல் மாதத்தில், "பிள்ளைகள் வாசிக்க நல்ல கதைப் புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்" என்று நமது சங்கத்து அன்பர்கள் ஒருவரையொருவர் கேட்பது வழக்கம். நான் பண்டிதன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறியபின் ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். ஆயினும் ஒரு புத்தகத்தைப் பற்றி மட்டும் துணிந்து சொல்வேன். அது என் வீட்டில் செய்த காரியத்தை நானே கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆர். கே. நாராயண் எழுதிய "ஸ்வாமி அண்ட் ஃப்ரண்ட்ஸ்" என்ற நாவலே அது. 1935ஆம் ஆண்டு லண்டனில் வெளியாயிற்று. ஆசிரியர் நம்மவர், 1906இல் சென்னையில் பிறந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராக இருந்தமையால், அந்த நகரமே அவருக்கு வாழும் ஊராகிவிட்டது. பிழைப்பை நாடிக் கன்னட நாட்டுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை என்று எண்ணும்போது, நமக்கு உறவினர் போலவே தோன்றுகிறார் அல்லவா? மைசூர் யாதவகிரியில் அவர் வசித்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. சாமராஜநகரிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டால், பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

ரயில்வேக்காரனாகிய எனக்கு இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. 1930ஆம் ஆண்டு விஜயதசமி நாளில் பெங்களூரில் இவர் எழுத அமர்ந்தபோது, மால்குடி என்ற கற்பனை ஊர் ஒரு சிறிய ரயில் நிலையத்தோடுதான் அவர் மனக்கண்ணில் தோன்றியதாம். 1980களில் சங்கர் நாக் இந்தக் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, சிவமொக்கா மாவட்டத்து அரசாளு நிலையம் மால்குடி ஸ்டேஷனாக நடித்தது. இன்று அங்கே மால்குடி பெயரால் ஒரு காட்சிச்சாலையே இருக்கிறது.

கதையின் நாயகன் ஸ்வாமிநாதன் பத்து வயதுச் சிறுவன். திங்கட்கிழமை காலை அவனுக்குப் பிடிக்காது என்பதிலிருந்தே கதை தொடங்குகிறது. அப்பா கணக்குப் போடச் சொல்கிறார். ராமனிடம் பத்து மாம்பழங்கள். அவற்றால் அவன் பதினைந்து அணா சம்பாதிக்க விரும்புகிறான். கிருஷ்ணனுக்கு நான்கு பழம் போதும். அவன் கொடுக்க வேண்டியது எவ்வளவு? ஸ்வாமிக்கோ முதலில் தெரியவேண்டியது, அந்தப் பழங்கள் கனிந்தவையா காயா என்பதுதான்! இந்த இடத்தை நான் சொன்னபோது, என் மகன் பாயில் புரண்டு சிரித்தான்.

பிறகு ராஜம் வருகிறான். போலீஸ் சூப்பரிண்டெண்டின் மகன், பள்ளிக்குப் புதியவன். பலசாலியான மணியும் அவனும் முதலில் பகைத்து, பின்பு கூடிக்கொள்கிறார்கள். மூவருமாகக் கிரிக்கெட் கோஷ்டி அமைக்கிறார்கள். அதற்குச் சர்க்கார் வரி விதிக்குமோ என்று அஞ்சுகிறார்கள். கிரிக்கெட் என்றால் என்னவென்றே அறியாத பாட்டி ஒருத்தியும் உண்டு. நம் வீட்டுப் பாட்டிமார் அவளிடம் தங்களைக் கண்டுகொள்வார்கள். பிரம்படி கொடுக்கும் ஆசிரியர்களும் வருகிறார்கள். அது அந்தக் காலத்துப் பள்ளி என்று பிள்ளைகளுக்கு விளக்கிவிட வேண்டும்.

புத்தகம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. நம் பிள்ளைகள் தெருவில் கன்னடமும் பாடத்தில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். தமிழோ வீட்டுக்குள் சாப்பாட்டு வேளையோடு நின்றுவிடுகிறது. ஆகவே நான் ஒரு வழி கண்டேன். இரவில் ஓர் அத்தியாயத்தை முதலில் நானே வாசித்துக்கொள்வேன். நடை மிக எளியது, என் ஆங்கிலத்துக்கே போதுமானது. பின்பு அதைத் தமிழில் கதையாகச் சொல்வேன். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. தமிழ்ச் சொல் கிடைக்காமல் தடுமாறும் என் மகன், "மேலே சொல்லுங்கள் அப்பா" என்று தமிழிலேயே நச்சரிக்கும்படி ஆயிற்று.

கடைசி அத்தியாயத்தை நான் முன்கூட்டி வாசிக்கவில்லை. அன்று வேலை மிகுதி. வாசித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன்.

ராஜத்தின் தந்தைக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது. வீட்டை விட்டு ஓடிக் காட்டில் வழி தவறிய ஸ்வாமி, முக்கியமான கிரிக்கெட் பந்தயத்துக்கு வாராமற்போனதால், ராஜம் அவனோடு பேசுவதில்லை. விடியற்காலையில் ஸ்வாமி ஒரு புத்தகத்தைக் கையில் ஏந்தி ரயில் நிலையத்துக்கு வருகிறான். கூட்டத்தில் அவனுக்கு நா எழவில்லை. வண்டி நகர்ந்துவிடுகிறது. மணி அந்தப் புத்தகத்தை வாங்கி, வண்டியோடு ஓடி, ராஜத்தின் கையில் சேர்க்கிறான். ராஜம் கையசைக்கிறான். கோபம் தீர்ந்ததா? ஆசிரியர் சொல்லவில்லை.

தினமும் பிளாட்பாரத்தில் எத்தனையோ பிரிவுகளைப் பார்ப்பவன் நான். எனினும் என் குரல் கம்மிவிட்டது. மகன் சிரிக்கவில்லை. வெகு நேரம் கழித்து, "நானும் அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன் அப்பா" என்றான்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இவ்வூருக்கு மாற்றலாயிற்று. பழைய ஊரில் எதிர்வீட்டுக் கன்னடச் சிறுவன் இவனுக்கு உயிர்த்தோழன். ஏதோ சண்டை, இரண்டு நாள் பேச்சில்லை. புறப்படும் நாளில், "ஒரு நிமிஷம் போய் வருகிறேன்" என்று இவன் கேட்டான். சாமான் கட்டும் அவசரத்தில், "ரயில்வேக்காரன் பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம், போய் வண்டியில் ஏறு" என்று அதட்டினேன். அவன் அழவில்லை. ஆகவே மறந்துவிட்டான் என்று நான் எண்ணியிருந்தேன். மறக்கவில்லை, சொல்ல வழி தெரியாமல் இரண்டு ஆண்டுகள் சுமந்திருக்கிறான். அன்றிரவு அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் அவன் கன்னடத்தில் ஒரு கடிதம் எழுதினான். அவர்களுடைய தொலைபேசி எண் எங்களிடம் இல்லை. தெருவின் பெயர் மட்டும் நினைவிருந்தது. அந்த விலாசத்துக்கே அஞ்சலில் சேர்த்தோம். பதில் இன்னும் வரவில்லை. தபால்காரர் வரும் வேளையில் அவன் வாசலில் நிற்கிறான். விடுமுறை நாளானால் நானும் உடன் நிற்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் மாற்றலாலும் பிழைப்பாலும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். பாத்திரம் பண்டங்களை எண்ணி ஏற்றுகிறோம். பிள்ளைகள் விட்டுவரும் சிநேகிதங்களை எண்ணுவதில்லை. ஆகவே அன்பர்களே, இந்தப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து தமிழில் சொல்லுங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும், மறுநாள் வேலையில்லாத ஓர் இரவுக்கு ஒதுக்கி வையுங்கள். முடிந்தபின் பிள்ளை ஏதேனும் சொல்ல விரும்பலாம்.