உச்சிக்குழியில் என்ன நடக்கிறது?



உத்திரமேரூரில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். கைக்குழந்தைக்கு மூன்று மாதம். "டீச்சர், உச்சிக்குழி துடிக்குது. எண்ணெய் வைக்கவே பயமா இருக்கு. அங்க எலும்பே இல்லையா?" என்றாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அங்கே எலும்பு வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். கை, கால் எலும்புகள் கருவில் முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பிறகுதான் எலும்பாக மாறும். மண்டையோட்டின் மேல்பகுதி அப்படியல்ல. மெல்லிய சவ்விலிருந்து நேராகவே எலும்பாகிறது. கருவுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்போது இந்த வேலை தொடங்கிவிடும்.

முதலில் செல்கள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடுகின்றன. பிறகு எலும்பை உருவாக்கும் செல்களாக மாறுகின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்று பெயர். ஒவ்வொன்றும் பக்கத்துச் செல்லை நோக்கிக் கை நீட்டுகிறது. தொட்ட இடத்தில் நுண்ணிய வழி திறக்கிறது. நம் ஊர்க் கழனியில் மடை திறந்தால் ஒரு வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகிறதே, அதுபோல. ஆனால் இங்கே மடையின் பாதியை ஒரு செல் வைக்கிறது, மறுபாதியை அடுத்த செல் வைக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் கனெக்ஸின் என்ற புரதம் ஆறு இருக்கும். இரண்டு பாதியும் பொருந்தினால்தான் வழி. கால்சியம் அயனி போன்ற சின்னச் சின்னப் பொருள்கள் அதன் வழியே செய்தியாகப் போகின்றன. அதனால்தான் கூட்டம் முழுவதும் ஒன்றாக வேலை செய்கிறது.

இந்த மடை இல்லாவிட்டால்? கனெக்ஸின்-43 இல்லாத எலிக்குஞ்சுகளைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளிவந்தது. அவற்றுக்கு எலும்பாவதே தாமதமானது, மண்டையோடும் சரியாக அமையவில்லை. செல்கள் இருந்தும் வேலை கூடிவரவில்லை.

இந்தச் செல்கள் கொலாஜன் என்ற நாரைச் சுரக்க, அதன்மேல் கால்சியம் உப்பு படிகிறது. கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954, 1955ஆம் ஆண்டுகளில் சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான். சில செல்கள் தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே அடைபட்டுவிடும். அப்போதும் மெல்லிய குழாய்கள் வழியே நீட்டிய கையை விடுவதில்லை.

மண்டையோட்டு எலும்புகள் இன்னும் வந்து சேராத இடம்தான் உச்சிக்குழி. பிரசவத்தில் தலை வழிவிட்டு வரவும், மூளை வளரவும் அந்த இடைவெளி வேண்டும். கெட்டியான சவ்வு மூடியிருக்கிறது. துடிப்பு ரத்த ஓட்டத்தால் வருவது. மெதுவாக எண்ணெய் வைக்கலாம், குளிப்பாட்டலாம். தலையை உருட்டிப் பிடித்து அமுக்க வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் மூடிவிடும்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலையில் சேர்ந்த புதிதில் என் அக்காவின் கடைசிப் பையனுக்கு வயிற்றுப்போக்கு. நான் வெளியூரில் இருந்தேன். உச்சி பள்ளமாக இறங்கியிருந்தது. எண்ணெய்த் துணி வைத்தால் ஏறிவிடும் என்று பெரியவர்கள் ஒரு நாள் பார்த்தார்கள். பிள்ளை தங்கவில்லை. இறங்கியது உச்சி இல்லை, உடம்பில் தண்ணீர்.

ஆகவே பேதியோ வாந்தியோ இருந்து உச்சி குழிந்தால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே அப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போதும் உச்சி புடைத்திருந்தாலும் அப்படியே. இரண்டு வயது தாண்டியும் மூடாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் பாட்டிமார் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவது அவர்கள்தானே. எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்