குடிலில் பெய்யும் பனி

தமிழில் பனி என்ற சொல்லுக்கு வெண்ணிறம் கிடையாது. ஆண்டின் ஆறு பருவங்களுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்ட நம் முன்னோர், புல்நுனியில் நிற்கும் துளியையும், விடியலில் வயல்மீது படரும் மூட்டத்தையுமே மனத்தில் கொண்டிருந்தனர். பஞ்சுபோல் கொட்டிக் கூரையை மூடும் பனி, வாழ்த்து அட்டைகள் வழியாகவே நம் ஊர்களுக்குள் வந்தது. கிறிஸ்து பிறப்பு விழா வருவதோ மார்கழி பத்தாம் நாளை ஒட்டி. மின்விசிறி சுழலாமல் நள்ளிரவுத் திருப்பலி நடவாத எங்கள் கோயிலில், குடிலில் மட்டும் ஆண்டுதோறும் வெண்பனி பெய்கிறது.

இதைப் பிழையென்று வாதிடுவது என் நோக்கமன்று. லூக்கா நற்செய்தியாளர் தீவனத்தொட்டியைக் குறிப்பிடுகிறார். வயல்வெளியில் கிடை காத்த இடையர்களைக் குறிப்பிடுகிறார். பனியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனினும் பெத்லகேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 775 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையூர். சில ஆண்டுகளில் அங்கு வெண்பனி விழுவதுண்டு. 2013 டிசம்பரில் எருசலேமையும் அதன் சுற்றுப்புறத்தையும் பெரும்பனி மூடியது. திருப்பாடல் ஆசிரியரே பனியைக் கம்பளிக்கு ஒப்பிட்டிருக்கையில், அதைப் பஞ்சாக்கிய நம் இளைஞர்களை எவ்வாறு கடிந்துகொள்வது? என் கவலை வேறு. விழா முடிந்தபின் அந்தப் பனி எங்கே போகிறது, அதை அள்ளுவது யார் என்பதே.

நான் சிறுவனாயிருந்த நாள்களில் குடிலின் பனி இலவம்பஞ்சு. மூவரசர் விழா முடிந்ததும் அதை உதறித் தலையணை உறையில் திணித்து, சங்கீஸ்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த ஆண்டு அதே பனி, சற்றே பழுப்பேறி, மீண்டும் பெய்யும். பஞ்சின் குறை ஒன்றே. சீரியல் விளக்கின் ஒரு பொறி போதும், மாட்டுத்தொழுவம் முழுவதும் பற்றிக்கொள்ளும். இந்த அச்சமே அமெரிக்காவில் ஒரு விபரீதத்துக்கு வழி திறந்தது. 1930களிலும் 40களிலும் அங்கே கல்நாரைப் பொடித்து, எரியாத பனி என்று கடைகளில் விற்றார்கள். மக்கள் அதை வீட்டு மரங்களின்மீது தூவி மகிழ்ந்தார்கள். அந்த நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்க வல்லது. தீக்கு அஞ்சியவர்கள் மூச்சுக்கு அஞ்சவில்லை.

நமக்கு வாய்த்தது தெர்மாகோல். பொதிப் பெட்டிகளில் வரும் பலகையைச் சிறுவர்கள் தேங்காய்த் துருவியில் துருவுவார்கள். ஒரு மணி நேரத்தில் கூடை நிறையப் பனி. அதன் பெரும்பகுதி காற்றே என்பதால் எடை இல்லை. உராய்வில் மின்னேற்றம் பெறுவதால் துணி, சுவர், கைத்தோல் என எதன்மீதும் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் மட்கவும் செய்யாது.

எங்கள் கோயிலைப் பெருக்கும் அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். ஒரு ஜனவரியில் என்னிடம் வந்து நின்றார். "சாமி, வெளக்கமாத்தக் கண்டா ஓடுதே, இது குப்பையா பூச்சியா?" என்று கேட்டார். அவர் சொன்னது இயற்பியல்படி சரியே. உலர்ந்த துடைப்பத்தின் உராய்வே அதற்குச் சிறகு தருகிறது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்தால்தான் அடங்கும். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அடியிலும், பீடப்படியின் இடுக்கிலும் குனிந்து குனிந்து அவர் ஒற்றியெடுத்தார். அப்படியும் திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூச வந்த ஒரு சிறுமியின் பாவாடையில் ஒரு வெண்மணி ஒட்டியிருந்தது. அவ்வாண்டு மறைவட்டத்தின் சிறந்த குடிலுக்கான பரிசு எங்களுக்குக் கிடைத்தது. பரிசு பெற்ற இளைஞர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெருக்கியவரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

வெளியே பறந்தவை வாய்க்கால் வழியே குளத்துக்குப் போயின. அலங்காரத்துக்கான தெர்மாகோலை இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடைசெய்தது. சட்டம் வந்ததும் இளைஞர்கள் புதிய பனியொன்றைக் கண்டுபிடித்துக் கொணர்ந்தார்கள். அது ஒரு சிறு பொட்டலம் பொடி. நீரூற்றினால் கண்ணெதிரே பொங்கித் தட்டு நிறைய வெண்பனியாகிறது. சோடியம் பாலிஅக்ரிலேட் என்று அதற்குப் பெயர். குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சுவதும் அதுவே. பாலன் இயேசுவைச் சுற்றி அதைப் பரப்புவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது!

ஆனால் சிந்தியதை ஈரத்துணியால் துடைக்கப்போனால் மேலும் ஊதி, தரையெங்கும் வழுவழுப்பாகிவிடும். ஒரு பெரியவர் தூணைப் பிடித்துத் தப்பினார். வேதியியல் பயிலும் உபதேசியார் மகள்தான் வழி சொன்னாள்: கல்லுப்பைத் தூவுங்கள் சாமி, குடித்த நீரைக் கக்கிச் சுருங்கிவிடும் என்று. அப்படியே ஆயிற்று. சுருங்கியதைச் சாக்கடையில் கொட்டாமல் வாரிக் கட்டிக் குப்பையில் சேர்க்கவேண்டும். அடைத்துக்கொண்டால் எடுப்பது கடினம். தெர்மாகோலுக்கு ஈரம், இதற்கு உப்பு. அந்த அம்மா இரண்டையும் படிக்கவேண்டியிருந்தது.

1223இல் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது அங்கு இருந்தவை வைக்கோலும், ஓர் எருதும், ஒரு கழுதையும். அந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தி, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிக்கிறார். விழா முடிந்தபின் குடில் ஒரு மாட்டின் வயிற்றுக்குள் போனது. நம் குடிலோ குளத்துக்குப் போனது.

இதைக் கடந்த திருவருகைக் காலத்தில் இளைஞர்களிடம் சொன்னேன். வைக்கோலுக்கு இசைந்தார்கள், பனியை முற்றிலும் விட மனமில்லை. கூரைமேல் மட்டும் கொஞ்சம் பஞ்சு, அருகில் விளக்கு கூடாது, பரப்பியவர்களே வாரவேண்டும் என்ற உடன்பாட்டுக்கு வந்தோம். திருக்காட்சிப் பெருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை மூவர் வந்தனர். ஐவர் வருவதாகப் பேச்சு. அந்த அம்மா படியில் காலை நீட்டி அமர்ந்து, துடைப்பத்தால் சுட்டிக்கொண்டிருந்தார். "அங்க இல்ல தம்பி, தூணுக்குப் பின்னால. இன்னும் உள்ள."