கொண்டலும் கோடையும்

காரைக்கால் கடலுக்கு மேற்கே, வயல் சூழ்ந்த ஊர் எங்கள் சுரக்குடி. கஞ்சிப் பானையைக் கவனித்தவர்கள் அறிவர்: அடிநீர் சூடேறி, விரிந்து, இலேசாகி எழும், மேல்நீர் கீழிறங்கும், பருக்கைகள் சுழலும். பள்ளியில் இதனை 'வெப்பச்சலனம்' என்று படித்தோம். காற்றின் கதையும் அதுவே. வெயிலில் நிலம் விரைந்து சூடாகிறது. கடலோ மெதுவாகவே சூடேறும். நிலத்தின்மேல் காற்று எழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. இரவில் திசை மாறும். விடியுமுன் பாய்விரித்த கட்டுமரங்களைக் கடலுக்குள் செலுத்தியது அந்த நிலக்காற்றுதான். இயந்திரப் படகு வந்தபின் அதை நினைப்பவர் குறைவு.

கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்றும் மேற்குக் காற்றுக்குக் கோடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். ஜூன் மாதத்தில் கோடை வலுத்தால், கொண்டல் கரையிலேயே தடைப்பட்டுத் தாமதிக்கும். சில நாள் வருவதேயில்லை. தொண்ணூறைத் தொட்ட என் பாட்டிக்கு அந்நாள்கள் பெருஞ்சோதனை. மின்விசிறி அனலையே கிளறும். கட்டிலைத் திண்ணைக்கு மாற்றி, ஈரத்துணியால் உடல் துடைத்து, மோரைச் சிறிது சிறிதாகப் புகட்டுவோம். கண் மங்கியவர், ஆயினும் தென்னங்கீற்றின் சலசலப்பு மாறியதும் எங்களுக்கு முன்பே அறிந்துகொள்வார்.

"வந்துட்டுதாடா?" என்பார்.