142-ஆம் அறிக்கைக்கு ஒரு ஹவில்தார் வீட்டின் நன்றி

மதிப்பிற்குரிய பகத்சிங் கோஷியாரி ஐயா அவர்களுக்கு,

வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் உள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். நீங்கள் பிறந்த குமாவுன் மலைப்பக்கமும் இப்படித்தான் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1983-இல் அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 40. பிள்ளைகள் மூவரும் பள்ளிக்கூடத்தில். அரசு அலுவலகத்தில் இருந்தவருக்கு அன்று 58 வயது வரை சம்பளம் வந்தது. சிப்பாய்க்கோ முப்பதுகளின் நடுவிலேயே பென்சன் என்றிருந்தது. படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக நாடே வகுத்த ஏற்பாடு அது. அதன் சுமையை மட்டும் அவர் வீடு சுமந்தது.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் 2007-இல் ஓய்வு பெற்று வந்தார். அவரும் ஹவில்தார், அப்பாவைப் போலவே 22 ஆண்டு சேவை. இருவரும் சேர்ந்தேதான் வங்கிக்குப் போவார்கள். புத்தகத்தில் வரவு பதிந்ததும் அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அண்ணன் எவ்வளவு வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரியும். தன்னுடையதை ஒருநாளும் அவரிடம் காட்டியதில்லை. அண்ணனும் கேட்டதில்லை.

முன்னால் ஓய்வு பெற்றவருக்குக் குறைந்த பென்சன் என்பது ஹவில்தார்களோடு நின்ற குறை இல்லை. 1996-க்கு முன் ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரலின் பென்சன், பின்னால் ஓய்வு பெற்ற பிரிகேடியருடையதைவிடக் குறைந்துபோனது; அது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை சென்று 2008-இல் தீர்ப்பானது. நீதிமன்றப் படியேற வசதியில்லாத சிப்பாய் எங்கே போவான்?

மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்குத்தான் ஐயா. பெரிய விவாதங்கள் நடக்கும் இடமல்ல அது. அதன் பரிந்துரையை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நீங்கள் தலைமை வகித்த அந்தக் குழு 2011 டிசம்பர் 19 அன்று தந்த 142-ஆம் அறிக்கையைப் பலமுறை படித்திருக்கிறேன். நான் நன்றி சொல்ல வந்தது அதிலுள்ள இரண்டு காரியங்களுக்காக.

பல ஆண்டுகளாக ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ என்பது ஊர்வலக் கோஷமாகவே இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று உங்கள் அறிக்கை தெளிவாக எழுதிவைத்தது. ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணிசெய்தவர்களுக்கு, எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்சன். பின்னாளில் அது உயர்ந்தால் பழையவர்களுக்கும் தானாகவே உயர வேண்டும். அதன்பின் யார் இதைப் பற்றிப் பேசினாலும் அந்த வரையறையை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

இரண்டாவது, பணக் கணக்கு. நிர்வாகம், சட்டம், நிதி என்று மூன்று வகைத் தடைகளைப் பாதுகாப்பு அமைச்சகம் அடுக்கியது. அவை ஏற்கும்படி இல்லை என்று குழு எழுதியது. 2011-12-க்குத் தேவைப்பட்டது 1,300 கோடி ரூபாய். அதில் 1,065 கோடி அதிகாரிகளுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, 235 கோடிதான் அதிகாரிகளுக்கு. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது பெரிய தொகையல்ல என்று குழு சொன்னது. பாதுகாப்புச் செலவு என்றதும் பீரங்கியும் விமானமும்தான் பேச்சில் வரும். அந்தச் செலவுக்குள் எங்கள் வீட்டு அடுப்பும் இருக்கிறது என்பதை நாடாளுமன்றத் தாளில் நான் கண்டது அப்போதுதான்.

நீங்கள் அன்று எதிர்க்கட்சிக்காரர். குழுவிலோ பல கட்சியினர். கட்சிச் சண்டை எங்கள் பென்சனுக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டீர்கள். அதற்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

அப்பா 2013-இல் காலமானார். ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ 2014 ஜூலை 1 முதல் நடைமுறை என்ற அரசாணை 2015 நவம்பரில்தான் வந்தது. மற்றவர்களுக்கு நிலுவை நான்கு தவணை, குடும்ப ஓய்வூதியம் வாங்குவோருக்கு ஒரே தவணை. அம்மா வங்கியிலிருந்து வந்து, “இது யாரு பணம்டா?” என்று கேட்டார். “அப்பாவோடதும்மா” என்றேன். அன்று மாலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் விரித்துக் காட்டினார்.

உங்கள் அறிக்கை கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. தானாக உயர வேண்டிய பென்சன் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் திருத்தப்படுகிறது. 2019-இல் நடந்திருக்க வேண்டிய திருத்தத்துக்கே 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. படையினருக்குத் தனி ஊதியக் குழு வேண்டும் என்ற பரிந்துரையும் அப்படியே கிடக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குச் செல்லும் 18 உறுப்பினர்களுக்கும் இந்த மடல் வழியாக ஒரு வேண்டுகோள். அந்த 142-ஆம் அறிக்கையை ஒருமுறை படியுங்கள். நிறைவேறாமல் நிற்கும் பரிந்துரைகளை அவையில் எழுப்புங்கள். பழைய பென்சன் புத்தகத்தோடு வங்கி வரிசையில் நிற்பவர்களுக்கு இனியும் காத்திருக்க வயதில்லை.


ஒரு ஹவில்தாரின் மகன்